மல்லாக்க வைத்த கைக்கடிகாரம்

இடது கை கடிகாரத்தை ஒரு மரப்பிடிக்குள் இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கை, இரண்டு கொம்பு வைத்த இரும்புச் சாவியைப் பின்மூடியின் பள்ளங்களில் பொருத்தித் திருப்பியது. மூடி அசையவில்லை. கைகள் அவசரப்படவில்லை. சாவியைக் கீழே வைத்துவிட்டு, சின்ன மரச்சுத்தியால் மூடியின் விளிம்பைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டின. பிறகு சாவியை மறுபடி பொருத்தின. இந்த முறை மூடி திரும்பியது. ஆனால் மரை கழன்று வரும்போது கேட்கிற உரசல் சத்தம் இல்லை. வெல்லப்பாகில் கரண்டியைத் திருப்புவதுபோல இழுத்துக்கொண்டு சுற்றியது.

மூடியைத் தூக்கியபோது அதற்கும் கூட்டுக்கும் நடுவே கறுப்பு நூல் ஒன்று நீண்டு, மெலிந்து, அறுந்தது. கூட்டின் விளிம்பில் ரப்பர் வாஷர் இருக்க வேண்டிய பள்ளம் முழுவதும் தார் உருகி நின்றது. கைகள் மூடியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்தன. உட்புறத்தில், ஊசி முனையால் கீறிய எழுத்து ஒன்று இருந்தது. ஹு, அதற்குக் கீழே 3-87.

கைகள் அப்படியே நின்றன.

கைகள் ஹுமாயூனுடையவை. கீறலும் அவருடையதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடிக்குப் போகும் வழியில், ஒரு செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஹுமாயூனின் கடை இருந்தது. கடை என்றால் ஒரு ஆள் உட்காரும் அகலம், முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, வாடிக்கையாளர் உட்கார வெளியே ஒரு ஸ்டூல். அவருடைய அத்தா காதர் குடையும் டார்ச் லைட்டும் ரிப்பேர் பார்த்தவர். கடிகாரத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் கிடையாது. யாரோ எடைக்குப் போட்ட ஒரு அலாரம் கடிகாரத்தைப் பதினேழு வயதில் பிரித்துப் பார்த்த ஹுமாயூன், அதைத் திரும்பப் பூட்ட ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். அது ஓடியது. அதற்குப் பிறகு வேறு வேலையைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஆள் இல்லை. இறந்துபோன கடிகாரங்களை மதுரையில் கூடைக் கணக்கில் வாங்கிவந்து பிரித்தார். மூடியைத் திறந்ததும் முதலில் உட்புறத்தைப் படிப்பது அப்போதே வந்த பழக்கம். கடிகாரத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் மூடிக்குள் ஒரு குறியும் மாதமும் வருடமும் கீறி வைப்பார்கள். கொழும்பில் ஒருவர் நட்சத்திரம் போட்டிருந்தார். தென்காசிக்காரர் ஒருவர் தமிழ் எண்ணில் வருடம் எழுதினார். யார் கை பட்ட கடிகாரம் எத்தனை வருடம் தாங்கியது, எங்கே தேய்ந்தது என்று அந்தக் கீறல்களிலிருந்து தெரிந்துகொள்ளலாம். நட்சத்திரக்காரர் எண்ணெயைக் குறைவாக விடுவார். தென்காசிக்காரர் திருகாணியின் தலையைக் காயப்படுத்த மாட்டார். முகம் தெரியாத அந்த மனிதர்களைப் பற்றி ஹுமாயூனுக்கு இப்படி நிறையத் தெரியும். தன்னுடைய கீறலை வேறு யாராவது படிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்று அவ்வப்போது எண்ணிப் பார்த்திருக்கிறார். அதைத் தானே படிக்க நேரும் என்று எண்ணியதில்லை.

1987 மார்ச்சில் இந்தக் கடிகாரத்தை அவர் திறந்தபோது, அதிலிருந்த பழைய வாஷர் காய்ந்த கறிவேப்பிலை மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. அந்த அளவில் புது வாஷர் மதுரையில் கிடைக்கவில்லை. சைக்கிள் ட்யூபை எடுத்து, ஒரு காலைக் கத்தியாகத் தீட்டிய கவராயத்தால் மெல்லிய வளையமாக நறுக்கினார். பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும் என்பதற்காக, பனிக்காலத்தில் உதட்டு வெடிப்புக்குத் தடவுகிற களிம்பை அதன்மேல் பூசினார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்துப் பார்த்தார். ஒரு துளி உள்ளே போகவில்லை. அந்த வழி கைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்று வருடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கடிகாரங்களுக்கு அதே வளையம், அதே களிம்பு.

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற எவரும் ட்யூபில் எண்ணெய் படவிட மாட்டார்கள். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பும், தளரும், கடைசியில் பிசினாகும். ஹுமாயூனுக்கும் இது தெரியும். தினமும் சைக்கிளில் கடைக்கு வருகிறவர்தான். ஆனால் அந்தக் களிம்பை அவர் எண்ணெய் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. மருந்துக் கடையில் டப்பியில் விற்கிற பொருள் அது. அவர் மனதில் அது மருந்தாகவே இருந்தது.

இப்போது கடிகாரத்தைக் கொண்டுவந்தவர் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மம்சாபுரத்தில் கிராம சுகாதார நர்ஸாக இருக்கும் சுடலையம்மாள். அந்தப் பக்கத்தில் வீட்டிலேயே நடக்கிற பிரசவங்களில் பாதிக்கு மேல் அவர் கைதான். கடிகாரம் அவருடைய அய்யா பட்டாளத்தில் இருந்தபோது வாங்கியது. ஆண்கள் கட்டும் பெரிய ஸ்விஸ் கடிகாரம், நடுவிலிருந்து சுற்றும் நொடி முள். நாடி எண்ண அந்த முள்தான் வேண்டும் என்று அவர் புதுக் கடிகாரம் வாங்காமலே இருந்தார். தினமும் காலை ஏழே கால் ரேடியோ செய்திக்கு முள்ளைச் சரிபார்த்துச் சாவி கொடுப்பார். இப்போது கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிகிறது, முள் மங்கலாகத் தெரிகிறது என்று கொண்டுவந்திருந்தார்.

காத்திருக்கும் நேரத்தில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

மம்சாபுரத்து முத்துப்பேச்சியை வன்னியம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளுக்கு, போகிப் பண்டிகையன்று பகலில் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்த சுடலையம்மாள், பிற்பகல் மூன்று முப்பத்தெட்டு என்று தன் நோட்டில் எழுதினார். அந்த நேரத்தை வைத்து ஜாதகம் எழுதிய ஜோசியர், ஐந்து வயதுவரை பிள்ளை தகப்பன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று ஐம்பத்தாறுக்கு லக்னம் மாறுகிறது, அதற்குப் பின்னால் பிறந்திருந்தால் தோஷம் கிடையாது என்றும் அவரே சொன்னார். முத்துப்பேச்சியின் கணவன் சோணைமுத்து ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறவன். அவனை வளர்த்தவர் சித்தப்பா சுயம்புலிங்கம். ஐந்து வருடமும் தாயும் பிள்ளையும் மம்சாபுரத்திலேயே இருக்கட்டும் என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். சோணைமுத்து மறுபேச்சுப் பேசவில்லை. பிள்ளையை இதுவரை பார்க்கவும் இல்லை.

முத்துப்பேச்சியின் தாய் இசக்கியம்மாள் மட்டும், மில்லில் நான்கு மணிச் சங்கு ஊதிய பிறகுதான் பிள்ளை அழுதது என்று சாதித்தாள். மகளை வாழவைக்கப் பொய் சொல்கிறாள் என்று ஊர் சொன்னது. இரண்டு வீட்டாரும் நர்ஸிடம் வந்து கேட்டபோது சுடலையம்மாள் நோட்டைத் திறந்து காட்டினார். அன்றிலிருந்து இசக்கியம்மாள் தெருவில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

“எழுதினத மாத்தி எழுதச் சொல்லுதாக பாய்” என்றார் சுடலையம்மாள். “கண்ணால பார்த்து எழுதினது. அந்தப் புள்ளைய நெனச்சா வயிறு எரியுது. அதுக்காகப் பொய் எழுத முடியுமா?”

ஹுமாயூன் கடிகாரத்தின்மேல் குனிந்தார். குப்புறக் கிடந்த கடிகாரம் திறந்த முதுகோடு சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டத்தைச் சீராக்குகிற பேலன்ஸ் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகவே ஆடியது. ஆனால் அந்தச் சக்கரத்தின் விளிம்புக்கு வெகு அருகில், பள்ளத்திலிருந்து பிதுங்கிய பிசின் ஒன்று மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை மேஜையில் வைத்து, கடிகாரத்தை அதற்கு மேலே மல்லாக்கத் தூக்கிப் பிடித்து, கண்ணாடிக்குள் அதன் முதுகைப் பார்த்தார்.

கடிகாரத்தை மல்லாக்கப் பிடித்தால் பேலன்ஸ் சக்கரம் தன் எடையால் ஒரு மயிரிழை கீழே இறங்கும். எல்லாக் கடிகாரத்திலும் உள்ளதுதான். இதில் இறங்கிய சக்கரம் போய் அந்தப் பிசின் இழையில் உரசியது. ஆட்டம் குறுகியது. குறுகி, நின்றது. சில நொடிகள் கழித்துத் தானாகவே விடுபட்டு மறுபடி ஆடத் தொடங்கியது.

“நர்ஸம்மா, பிரசவம் பார்க்கும்போது வாட்ச் கையிலயா கெடக்கும்?” என்று கேட்டார்.

“கையில கட்டிக்கிட்டு முழங்கை மட்டும் எப்பிடி சோப்புப் போடுறது? கழட்டி, அந்த வீட்டுல நெல்லளக்கிற மரக்காலக் கவுத்தி, அது மேல மல்லாக்க வச்சிருவேன். அங்கனருந்தே மணி தெரியும். புள்ள விழுந்ததும் நேரத்தப் பார்த்து எழுதிட்டு, பையில போட்டுருவேன்.”

“ராத்திரி?”

“ஆணியில தொங்கும். எதுக்குக் கேக்கிய?”

நான்கு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார் ஹுமாயூன். நொடி முள் இல்லாமல் நான்கு நாள் எப்படி என்று சுடலையம்மாள் முகம் சுளித்ததும், பெட்டியிலிருந்து நொடி முள் உள்ள இன்னொரு கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தார்.

சாதாரணமாக அவர் அன்றே அந்தத் தாரைச் சுரண்டி, பெட்ரோலில் கழுவியிருப்பார். அன்று மூடியை அப்படியே திருப்பிப் பூட்டினார். முதல் நாள் முழுவதும் ஆணியில் தொங்கவிட்டார். ரேடியோவோடு ஒத்துப்பார்த்ததில் அரை நிமிடம்தான் பின்னால். இரண்டாம் நாள் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிந்தார். அன்றும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு மரக்காலைக் கவிழ்த்து, அதன்மேல் கடிகாரத்தை மல்லாக்க வைத்து, பக்கத்தில் இன்னொன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிரசவத்தன்று அது அப்படிக் கிடந்தது இரண்டு மணி நேரம் போல இருக்கும் என்று சுடலையம்மாள் சொல்லியிருந்தார். இரண்டு மணி நேரம் வைத்தார். இருபத்திரண்டு நிமிடம் பின்தங்கியது. எடுத்துச் சரிசெய்து மறுபடி வைத்தார். இருபத்தேழு. மூன்றாம் தடவை இருபத்து நான்கு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் மனைவி நூர்பானு காரணம் கேட்டாள். சொன்னார்.

“சுத்தம் பண்ணிக் குடுத்துட்டா முடிஞ்சு போச்சு” என்றாள் நூர்பானு. “மூடிக்குள்ள கெடக்கிற உங்க கீறல உங்களவிட்டா யாரு படிக்கப் போறா?”

“அந்தப் பொண்ணு அங்கயே கெடப்பாளே.”

“நாப்பது பேருக்கு அதே ரப்பரப் போட்டேன்னு சொல்றீங்க. இத வெளியில சொன்னா நாளைக்கு அந்த ஸ்டூல்ல ஒரு ஆள் உக்காருமா?”

ஹுமாயூனுக்கும் அந்தப் பயம் இருந்தது. தேரடிப் பக்கம் வேறு இரண்டு கடிகாரக் கடைகள் உண்டு. தண்ணீர் உள்ளே போகாமல் அடைக்கிறவர் என்ற பெயர்தான் கிணற்று மோட்டார் மெக்கானிக்குகளையும், பேண்டேஜ் துணி வெளுக்கிற ராஜபாளையத்து ஆட்களையும் அவரிடம் வரவைத்தது. அந்தப் பெயரில்தான் இப்போது பிசின் ஒட்டியிருந்தது. அவர் கை கழுவிவிட்டுக் கடைக்குப் போனார்.

நான்காம் நாள் சுடலையம்மாள் வந்தார். ஹுமாயூன் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, மூடியைக் கழற்றி, கண்ணாடித் துண்டில் காட்டினார். என்ன ரப்பர், என்ன களிம்பு, எப்போது போட்டது எல்லாவற்றையும் சொன்னார். மல்லாக்க வைத்தால் மட்டும் பின்தங்குகிறது என்பதை மூன்று தடவை சோதித்த கணக்கோடு சொன்னார். சுடலையம்மாள் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஹுமாயூன் கேட்டார்.

“போகிக்கு மறுநாள் காலையில ரேடியோ வச்சு முள்ளத் திருப்பினியளா?”

சுடலையம்மாள் லென்ஸைக் கீழே வைத்தார். தெருவில் போன பஸ்ஸையும், பஸ் போன பிறகு தூசியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொங்கலன்னைக்கு” என்றார். “அடுப்பே பத்த வைக்கல. ஏழே கால் செய்தி ஆரம்பிச்சிருச்சு. வாட்ச்சுல ஆறு அம்பது. மொத நாள் அலைச்சல்ல சாவி குடுக்க மறந்துட்டேன் போலன்னு திருப்பி வச்சுட்டேன்.”

“இருபத்தஞ்சு நிமிசம்.”

“சாவின்னுதான் பாய் நெனச்சேன்.” அவர் லென்ஸை ஹுமாயூன் பக்கம் நகர்த்தி வைத்தார். “வேற மாதிரி நெனக்கணும்னு தோணல. இசக்கியம்மா மூஞ்சியத் திருப்பும்போதெல்லாம், பொய்க்காரிக்கு எம்புட்டு வீம்புன்னு நெனச்சுக்கிட்டே போவேன்.”

போகிக்குப் பிறகு வேறு பிரசவங்கள் பார்த்தாரா என்று ஹுமாயூன் விசாரித்தார். இரண்டு, இரண்டு வீட்டிலும் ஜாதகம் எழுதும் வழக்கம் இல்லை என்றார் சுடலையம்மாள். கோபமாக ஏதாவது சொல்வார் என்று ஹுமாயூன் எதிர்பார்த்திருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்.

“இத வன்னியம்பட்டியில வந்து சொல்லுவியளா? நான் மட்டும் போய்ச் சொன்னா, அந்தத் தாய்க்காரி என்னைய வளைச்சுப் போட்டுட்டான்னு சொல்லுவாக.”

ஹுமாயூன் கடிகாரத்தைச் சுத்தம் செய்யாமலே துணியில் சுற்றி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சோணைமுத்துவுக்கு விடுமுறை. ஹுமாயூனும் சுடலையம்மாளும் காலை பஸ்ஸில் போய் வன்னியம்பட்டியில் இறங்கினார்கள். சுயம்புலிங்கம் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நர்ஸைப் பார்த்ததும் அவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. மோர் கொடுக்கச் சொன்னார். கடிகாரத்துக்கு வாஷர் போட்டவர் என்று ஹுமாயூனைப் பற்றிச் சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தார். அரைமணி நேரப் பேச்சுக்குப் பிறகு, மரக்கால் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டது. அதன்மேல் அந்தக் கடிகாரமும், பக்கத்தில் சோணைமுத்துவின் கடிகாரமும் மல்லாக்க வைக்கப்பட்டன. ஒரு மணி நேரம் எல்லோரும் வற்றல் காம்பு கிள்ளினார்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் யாரும் போகவில்லை. கடைசியில் பார்த்தபோது பன்னிரண்டு நிமிடம் பின்னால் இருந்தது.

“வாற வழியில நீரு ஏதும் பண்ணிக் கொண்டாரலன்னு என்ன நிச்சயம் பாய்?” என்றார் சுயம்புலிங்கம்.

ஹுமாயூன் மூடியைக் கழற்றினார். சுயம்புலிங்கத்தின் கண்ணுக்கு லென்ஸ் பிடிபடவில்லை. சோணைமுத்து குனிந்து, கண்ணாடித் துண்டுக்குள் பார்த்தான்.

“நூலு மாதிரி ஒண்ணு இடிக்குது சித்தப்பா. நிக்கிது. பொறவு ஓடுது.”

சுயம்புலிங்கம் மூடியை வாங்கி, கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உள்ளே என்ன எழுத்து என்று கேட்டார். தன்னுடையது என்றார் ஹுமாயூன்.

“ஒரு பயலும் பாக்காத எடத்துல பேர எழுதி வச்சு, அதையும் நீரே கொண்டாந்து காட்டுதீரு.”

“நான் போட்ட ரப்பர்தான் அண்ணாச்சி உருகினது.”

“சரி. அப்ப புள்ள எத்தன மணிக்குத்தான் பொறந்துச்சு?”

“ஜாதகம் எனக்குத் தெரியாது. இந்த வாட்ச்ச வச்சு நிமிசம் சொல்லவும் மாட்டேன். ஒரு தடவ இருபத்திரண்டு காட்டுது, ஒரு தடவ இருபத்தேழு. குறைச்சலா வச்சாலும் நாலு மணி ஆயிருது. அதுக்கு முந்தி இல்ல.”

சுடலையம்மாள் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பொங்கலன்று காலை ரேடியோவுக்கு முள்ளை இருபத்தைந்து நிமிடம் திருப்பி வைத்த விஷயத்தைச் சொன்னார். மூன்று முப்பத்தெட்டு என்பதை அழிக்காமல் மேலே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் நான்கு மணி மூன்று நிமிடம் என்று எழுதி, காரணத்தையும் இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பது வருட வேலையில் அந்த நோட்டில் அவர் இழுத்த முதல் கோடு அது.

சோணைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல், தரையில் கிடந்த காம்புகளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“சங்கு நாலு மணிக்குத்தான் ஊதும் சித்தப்பா. அத்தை மொதல்லருந்து அதத்தான சொன்னாக. நாமதான் கேக்கல.”

அவன் அந்த விஷயத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை என்று சுடலையம்மாள் பிறகு பஸ்ஸில் சொன்னார். சுயம்புலிங்கம் அவனைத் திட்டவில்லை. ஜோசியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சொல்வதாக மட்டும் சொன்னார். புறப்படும்போது ஹுமாயூனிடம், தன் தம்பி மகன் கிணற்று வேலைக்குப் போகிறவன், அவன் கடிகாரமும் இதே மாதிரி ஆகுமா என்று கேட்டார். யார் வாஷர் போட்டது என்று ஹுமாயூன் கேட்க, உம்ம கடைதான் என்றார் அவர். நாளைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார் ஹுமாயூன்.

மறுநாள் காலை கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. 1987-லிருந்து இங்கே ரப்பர் வாஷர் மாற்றிய கைக்கடிகாரங்களில் வாஷர் உருகுகிறது, கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும், கூலி வேண்டாம் என்று ஹுமாயூன் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து படித்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். முதல் வாரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். ஒருவர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு தேரடிக் கடைக்கே போய்விட்டார்.

சுடலையம்மாளின் கடிகாரத்தைத்தான் முதலில் எடுத்தார். மூங்கில் குச்சியைச் சீவி, பள்ளத்திலிருந்த தாரைச் சிறுகச் சிறுக வழித்தார். இரும்பு முனை பட்டால் கூட்டில் கோடு விழும் என்பதால் குச்சிதான். எல்லாப் பாகத்தையும் பிரித்து மூன்று தடவை பெட்ரோலில் கழுவினார். ராஜபாளையத்தில் நூல் மில்களுக்கு உதிரிப் பாகம் விற்கும் கடைக்குப் போய், எண்ணெய் ஓடும் இயந்திரங்களில் வைக்கிற கறுப்பு ரப்பர்த் தகட்டில் ஒரு துண்டு வாங்கிவந்தார். அதில் ஒரு நறுக்கை அந்தப் பழைய களிம்பிலும், இன்னொன்றைக் கடிகார எண்ணெயிலும் பத்து நாள் ஊறப்போட்டு, உப்புகிறதா என்று தினமும் அளந்து பார்த்தார். உப்பவில்லை. அதற்குப் பிறகுதான் வளையம் நறுக்கினார். இந்த முறை அதன்மேல் எதையும் தடவவில்லை.

மூடிக்குள் இருந்த பழைய கீறலை அவர் தேய்க்கவில்லை. அதன்கீழே ஹு, 4-90 என்று புதிதாகக் கீறினார். பூட்டிய கடிகாரத்தை மரக்கால்மேல் மல்லாக்க இரண்டு நாள், குப்புற ஒரு நாள், தொங்கவிட்டு ஒரு நாள், தண்ணீர் டம்ளரில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார். ஜோசியரிடமிருந்து என்ன வந்தது என்று தெரியாமலே இதெல்லாம் நடந்தது. மம்சாபுரம் பஸ் வரும்போதெல்லாம் அவர் லென்ஸோடு நிமிர்ந்து பார்ப்பதை ஜெராக்ஸ் கடைக்காரர் கவனித்தார்.

சித்திரை பிறந்து நான்கைந்து நாள் கழித்து ஒரு முற்பகலில் சுடலையம்மாள் வந்தார். கூடவே அறுபது வயதுக்குள்ளான ஒரு பெண், இடுப்பில் காலி ஓலைக் கொட்டானோடு நின்றாள். இசக்கியம்மாள் என்று சுடலையம்மாள் சொன்னார். முத்துப்பேச்சியையும் பிள்ளையையும் வன்னியம்பட்டி பஸ்ஸில் இப்போதுதான் ஏற்றிவிட்டு வருகிறார்கள். சோணைமுத்துவே வந்து அழைத்துப் போயிருக்கிறான். ஜோசியர் புது நேரத்துக்கு ஒரு விளக்குப் போட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்.

“பஸ்ஸுல புள்ளைய மருமகன்தான் வச்சுக்கிட்டாரு” என்றாள் இசக்கியம்மாள். “தூக்கத் தெரியல. தேங்காய் மூட்டையப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருந்தாரு. முத்துப்பேச்சி சிரிச்சா.” பிறகு ஹுமாயூனை நேராகப் பார்த்தாள். “ஒரு ரப்பர் துண்டால எம் மகள மூணு மாசம் அழ வச்சிட்டியளே பாய்.”

“ஆமா தாயி” என்றார் ஹுமாயூன். “அழ வச்சிட்டேன்.”

இசக்கியம்மாள் கொட்டானைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சுடலையம்மாள் பக்கத்தில் நின்றார். சற்று நேரம் கழித்துத் தள்ளி உட்கார்ந்து, இசக்கியம்மாள் அவருக்கும் இடம் விட்டாள். ஒரே ஸ்டூலில் இருவரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சுடலையம்மாள் இரவல் கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தார். ஹுமாயூன் அந்தப் பட்டாளத்துக் கடிகாரத்தை எடுத்தார். சாவி கொடுத்தார். முள்ளைச் சரிசெய்தார். மூடியை ஒரு தடவை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். எப்படி வைத்தாலும் ஓடும், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை திறந்து வாஷரைப் பார்க்க வேண்டும், மறக்கக் கூடாது என்று சொன்னார். பிறகு பருத்தித் துணியால் கண்ணாடியைத் துடைத்து, வாரைப் பிடித்து நீட்டினார். சுடலையம்மாள் உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டார்.